தலைகாக்கும் விதிமுறைகள்

நெகிரி செம்பிலானின் லாபு, நீலாய் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்குச் சற்றுத் தொலைவில், சிலாங்கூர் எல்லைக்குள் சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தளம் அமைந்துள்ளது. 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இத்தளத்தில் டிரேக் பந்தயங்களும் நடைபெறுவதுண்டு. நேரான பாதையில் ஏறத்தாழ 400 மீட்டர் தூரத்தை இரு வாகனங்களில் எது முதலில் கடக்கிறது என்பதே இப்போட்டி. உலகின் அதிவேக டிரேக் வாகனங்கள் மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை எட்டுகின்றன.

அந்த வேகத்தில் மோதல் நிகழ்ந்தால், இருக்கை வார் ஓட்டுநரின் உடலைப் பிடித்து நிறுத்திவிடும். தலையோ முன்னோக்கிப் பாயும். ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள தலையும் அதன் மேலுள்ள தலைக்கவசமும் கழுத்தை இழுப்பதால், மண்டையோட்டின் அடிப்பகுதி முறியக்கூடும். பல பந்தய ஓட்டுநர்கள் இவ்வாறு உயிரிழந்துள்ளனர். இதனைத் தடுக்க, அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட் 1980களில் ‘ஹான்ஸ்’ எனும் கருவியை உருவாக்கினார். தோள்மீது அமரும் இக்கருவி, தலைக்கவசத்துடன் வார்களால் இணைக்கப்பட்டுத் தலை முன்னோக்கிப் பாயாமல் தடுக்கிறது. 2003ஆம் ஆண்டு முதல் ஃபார்முலா 1 பந்தயங்களில் இது கட்டாயமானது.

தலைக்கவசத்துக்கும் கடுமையான விதிகள் உள்ளன. 1956ஆம் ஆண்டு பீட் ஸ்நெல் எனும் ஓட்டுநர் பந்தய விபத்தில் தலையில் அடிபட்டு மாண்டார். அவர் பெயரால் மறு ஆண்டே தொடங்கப்பட்ட அறநிறுவனம் தலைக்கவசங்களைச் சோதித்துச் சான்றளிக்கிறது. டிரேக் பந்தயங்கள் பலவற்றில், அத்தகைய சான்று இல்லாத தலைக்கவசத்துடன் வருபவர் களமிறங்க முடியாது.

தோட்டப்புறச் சாலைகளிலோ நிலை வேறு. மோட்டார்சைக்கிளில் இருக்கை வார் இல்லாததால், ஓட்டுநரின் தலைக்குத் தலைக்கவசம் ஒன்றே காப்பு. மலேசியாவில் 1973ஆம் ஆண்டிலேயே அது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், “பக்கத்துக் கடைக்குத்தானே!” என்று வாரைப் பூட்டாமல் செல்வோர் உள்ளனர். வார் பூட்டப்படாத தலைக்கவசம், தலை தரையில் மோதுமுன்பே கழன்று விழக்கூடும்.

தலைக்கவசத்தின் உள்ளேயுள்ள நுரைப்பகுதி நசுங்குவதன்வழி மோதலின் விசையை ஏற்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் பயன்தராது. ஆகவே, விபத்துக்குள்ளான தலைக்கவசம் வெளியே கீறலின்றி இருந்தாலும் அதனை மாற்ற வேண்டும். வாங்கும்போது சிரிம் முத்திரையையும் சரிபார்க்க வேண்டும். தலைக்கவசம் அணிவதால் மோட்டார்சைக்கிளோட்டிகளின் மரண அபாயம் ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய அபாயம் ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

பந்தயத் தளத்தில் எதிரே வாகனம் வருவதில்லை. மருத்துவக் குழுவும் அருகிலேயே காத்திருக்கும். தோட்டச் சாலையிலோ செம்பனைக் குலை ஏற்றிய லாரி வளைவில் திடீரென எதிர்ப்படலாம். மாடு குறுக்கே வரலாம். மருத்துவமனையும் தொலைவில் இருக்கலாம். இத்தனை வசதியுள்ள தளத்திலேயே தலைக்கவசமின்றி எவரும் ஓட்டுவதில்லை என்றால், தோட்டச் சாலையில் அதன் தேவை இன்னும் பெரிது. வாரைப் பூட்ட இரண்டு நொடிகளே போதும்.