கிரௌட் விரிசலா, கசிவா? உடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

புனே அடுக்ககங்களில் ஷவருக்குக் கீழே டைல்ஸ் இடுக்கிலுள்ள கிரௌட் விரிந்தாலோ, கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம் தெரிந்தாலோ, ஒப்பந்தக்காரர்கள் பொதுவாக மூன்று வழிகளைச் சொல்வார்கள்: சிமென்ட் கிரௌட்டைத் திரும்பப் பூசுவது, எபாக்சி கிரௌட் போடுவது, தளத்தை உடைத்துப் புதிதாக வாட்டர்புரூஃபிங் செய்வது. விலையை ஒப்பிட்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பணத்தை வீணாக்கும் என்பது என் உறுதியான கருத்து. சிமென்ட் கிரௌட் விரிசலே இல்லாதபோதும் ஈரத்தை உறிஞ்சும். நீரைத் தடுக்கும் அடுக்கு டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. இங்கே குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, செங்கல் துண்டுகளையும் சிமென்ட் கலவையையும் நிரப்பும் ‘பிரிக்பேட் கோபா’ முறை பரவலானது. அந்த நிரப்பல் நீரைப் பல நாள் தேக்கி வைக்கும். அதனால் கீழே கறை தெரியும் இடமும் மேலே நீர் இறங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

விரிசல் எங்கே என்பதும் முக்கியம். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கோடு விட்டிருந்தால் அது பெரும்பாலும் இயல்பான அசைவுதான். அங்கே கிரௌட்டுக்குப் பதில் சிலிக்கான் சீலன்ட் இருக்க வேண்டும். கிரௌட் மாவாக உதிர்ந்தால், கழிவறை ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தைச் சந்தேகிக்கலாம். தரை நடுவே விரிந்து, தட்டினால் டைல்ஸ் பொள்ளலாக ஒலித்தால் அடிக்கலவை விட்டுப்போயிருக்கிறது.

இனி சோதனை. முதலில் அந்தக் குளியலறையைச் சில நாட்கள் பயன்படுத்தாமல், குழாய்களில் மட்டும் தண்ணீர் இருக்கும்படி விடுங்கள். கீழே சொட்டுவது குறையவே இல்லையென்றால் சந்தேகம் சப்ளை குழாய் மீது. பிளம்பரை அழைத்து பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும், டைல்ஸைத் தொடத் தேவையில்லை. குறைந்தால், தரை நீர் வடியும் நஹானி டிராப்புக்குள் நேராகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடுத்து டிராப்பை அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். கடைசியாக ஷவரைச் சுவர் மீது மட்டும் அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் காய விடாவிட்டால் முடிவுகள் குழம்பிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையில் வெளிச்சுவரும் டக்ட்டும் ஈரம் கோத்திருக்கும் என்பதால் இதைக் கோடையில் செய்வதே நல்லது. ஓதம் மழைக்கு மட்டும் வந்து போகிறதென்றால் குளியலறையில் கைவைப்பதே வீண்.

கீழ்வீட்டார் அவதிப்படும்போது சோதனைக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் சோதனையே அவர்களுக்கு நிவாரணம் தரலாம்: ஷவர் நின்றால் தரைவழிக் கசிவும் சில நாட்களில் குறையும். உடைக்காமல் எபாக்சியிலேயே முடித்துவிடலாமே என்பது இன்னொரு வாதம். சுவரில் தண்ணீர் அடித்தபோது மட்டும் கசிந்தால் அது சரி. பழைய கிரௌட்டை ஆழமாகச் சுரண்டி எடுத்து எபாக்சியும், மூலைகளில் சிலிக்கானும் இட்டால் கொடுத்த காசுக்குத் தகும். டிராப்பில் ஊற்றியபோதே கசிந்தால், எபாக்சி எத்தனை உயர்ந்ததானாலும் பயனில்லை. டிராப்பைச் சுற்றி மட்டும் திறந்து இணைப்பைச் சரிசெய்தால் போதும். தேக்கிய நீர் இறங்கி, டைல்ஸும் பொள்ளலாக இருந்தால் உடைப்பதே ஒரே வழி. கீழிருந்து ரசாயனத்தை ஊசியேற்றி அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: சீலிங் காயும், மேலே தேங்கிய நீர் ஸ்லாபுக்குள் இருந்தபடி கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

செலவு யாருடையது என்பதும் இந்தச் சோதனைகளில்தான் தெளிவாகும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் (ரெரா) சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரியப்படுத்தும் வேலைக் குறைபாட்டை பில்டர் 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். மறுத்தால் மாநில ரெரா ஆணையமான மகாரெராவை அணுகலாம். அந்தக் காலம் கடந்திருந்தால், ஹவுசிங் சொசைட்டி மாதிரி விதிகள் மழைக் கசிவையும் பொதுக் குழாய்க் கசிவையும் சொசைட்டியின் பொறுப்பாகவும், வீட்டுக்குள் கழிவறைக் கசிவை உறுப்பினர் பொறுப்பாகவும் பிரிக்கின்றன. எனவே ஒவ்வொரு சோதனையின் தேதியையும் படத்தையும் சேர்த்து பில்டருக்கோ சொசைட்டிக்கோ எழுத்தில் கொடுங்கள். உடைக்க நேர்ந்தால், புது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பும் பின்பும் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, இரண்டாவது சோதனை முடிந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.