விதியும் புறனடையும்: நிரல் எழுதாத தன்னியக்கப் பணிமுறை

முன்னுரை

ஆலங்குளம் என்றவுடன் 1970-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு சிமெண்டு ஆலையே பலர்க்கும் நினைவில் எழும். அவ்வூரைச் சூழ்ந்த வட்டாரமோ பல தொழில்களின் விளைநிலமாகும். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணியும், இராசபாளையத்தில் நூற்பாலைகளும், திருவில்லிபுத்தூரில் பால்கோவாவும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. முன்னாளில் பேரேடும் நாளேடும் கொண்டு நடந்த இவ்வணிகம் இன்று கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. கொள்முதல் ஆணை வாட்ஸ்அப் வழியே வருகிறது. பணம் யுபிஐ வழியே சேர்கிறது. வரிச்சீட்டு கணினியில் உருவாகிறது. ஆயினும் ஓரிடத்தில் வந்த செய்தியை மற்றோரிடத்தில் பெயர்த்தெழுதும் வேலை மட்டும் மனிதர் கையிலேயே நிற்கிறது.

இவ்வேலையைக் கணினியே செய்யுமாறு, நிரல் எழுதாமல் அமைத்துக்கொள்ளும் கருவிகள் இன்று பெருகியுள்ளன. ஆலங்குளத்திலிருந்து வந்து நம்மிடம் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர், 'இது கணிப்பொறித் துறையினர்க்கு மட்டுமே உரியதா, ஐயா?' என வினவினார். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவிகளின் வரவு

கணக்குத் தாளைக் கணினித் திரையில் கொணர்ந்த விசிகால்க் 1979-இல் வெளிவந்தது. நிரல் அறியாத வணிகரும் கணினியைத் தம் விருப்பப்படி பணிகொள்ள வழி திறந்தது அதுவே. தமிழ்நாட்டில் வளர்ந்த சோஹோ நிறுவனம் 2006-இல் கிரியேட்டர் என்னும் கருவியை வெளியிட்டது. படிவங்களையும் பணிவிதிகளையும் பயனரே அமைத்துக்கொள்ள அது துணைசெய்கிறது. இந்நிறுவனம் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அலுவலகம் அமைத்திருப்பது நம் வட்டாரத்து இளைஞர் அறிந்ததே. சென்னையைச் சேர்ந்த கிஸ்ஃப்ளோ நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றது. அமெரிக்காவில் 2011-இல் தோன்றிய ஜாப்பியர், மைக்ரோசாப்டின் பவர் ஆட்டோமேட் ஆகியன பல செயலிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தருவன.

படிப்படியான விதிகளால் ஒரு கணக்கைத் தீர்க்கும் முறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாது நகரில் வாழ்ந்த கணித அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரே இச்சொல்லாக மருவியது. ஆகவே, இக்கருவிகள் புதியனவாயினும் இவற்றின் அடிப்படைச் சிந்தனை பழையதே எனலாம்.

இலக்கண விதியும் பணிவிதியும்

இக்கருவிகளின் அமைப்பு மூன்று உறுப்புகளை உடையது. ஒரு நிகழ்ச்சி தூண்ட வேண்டும். நிபந்தனை பொருந்த வேண்டும். அதன்பின் செயல் நடைபெற வேண்டும். இதனைப் புணர்ச்சி இலக்கணம் கற்ற மாணவர் எளிதில் உணர்வர். நிலைமொழியோடு வருமொழி வந்து சேர்வது நிகழ்ச்சி. ஈற்றெழுத்தும் முதலெழுத்தும் இன்னவை என்பது நிபந்தனை. தோன்றல், திரிதல், கெடுதல் ஆகியன செயல். வாழைப்பழம், பொற்குடம், மரவேர் என்னும் சொற்கள் இவ்வாறே பிறக்கின்றன.

ஆனால் விதி மட்டும் கற்றவன் இலக்கணம் கற்றவன் ஆகான். 'ஊறு' என்பதோடு 'காய்' சேருமிடத்து வல்லினம் மிகுத்து 'ஊறுக்காய்' என எழுதினால் பிழையாகும். அது வினைத்தொகை, அங்கு வல்லினம் மிகாது. பொதுவிதியோடு விலக்கையும் எண்ணிப் புறனடை வகுத்தமையே நம் இலக்கண ஆசிரியர்தம் பெருமை. தன்னியக்கப் பணிமுறையின் நம்பகமும் இப்புறனடையிலேயே அடங்கியுள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி விற்கும் வணிகர் ஒருவரைக் கருதுவோம். கொள்வோர் இணையப் படிவத்தை நிரப்புகின்றனர். உடனே கணக்குத் தாளில் ஒரு வரி சேர்கிறது; வரிச்சீட்டு உருவாகிறது; கொள்வோர்க்கு மின்னஞ்சல் செல்கிறது; கிடங்கிற்கும் செய்தி போகிறது. சரக்கு வெளிமாநிலம் செல்வதாயும் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டதாயும் இருப்பின், 'இ-வே பில்' எனப்படும் மின்வழிச் சீட்டு எடுக்குமாறு நினைவூட்டலும் எழுகிறது. ஒரு மாலைப்பொழுதில் இதனை அமைத்துவிடலாம். ஆயினும், ஆணை இருமுறை வந்தால் என்ன ஆகும்? இணையம் இடையில் அறுந்தால்? தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால்? இவற்றுக்கு விடை வகுத்த பின்னரே அம்முறையை நம்பலாம்.

வாய்திறவாப் பிழை

எந்திரம் நின்றுபோனால் எவரும் அறிவர். நிற்காமலே தவறிழைத்தால் அறிவார் இலர். இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் கொரோனாத் தொற்று முடிவுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. ஆய்வகங்களிலிருந்து வந்த தரவுகள் பழைய எக்செல் வடிவக் கோப்புகளில் ஏற்றப்பட்டன. அவ்வடிவம் 65,536 வரிகளுக்குமேல் கொள்ளாது. மிகுந்தவை ஓசையின்றி உதிர்ந்தன. நோயுற்றோர் தம் முடிவை அறிந்தனராயினும், அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி நாட்கணக்கில் தாழ்ந்தது.

இத்தகைய பிழை நம் கையாலும் நேர்ந்துள்ளது என்பதை மறைத்தல் தகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஏழை மாணவர்க்குக் கல்வி உதவி வழங்கும் குழு ஒன்றின் விண்ணப்பப் பணியை நாமே இவ்வாறு அமைத்துக் கொடுத்தோம். நேர்காணல் நாளைத் தெரிவிக்கும் மின்னஞ்சல் தானே செல்லும். இடையில் அன்பர் ஒருவர் பெற்றோர் தொழிலைக் குறிப்பதற்காகக் கணக்குத் தாளின் நடுவே ஒரு பத்தியைச் சேர்த்தார். மின்னஞ்சல் முகவரி அடுத்த பத்திக்கு நகர்ந்தது. கருவியோ பழைய இடத்தையே நோக்கி, 'நெசவு' என்பதையும் 'கூலி' என்பதையும் முகவரியாகக் கொண்டது. பிழை அறிவிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எவரும் திறவாத அஞ்சற்பெட்டிக்கு வந்தது. நேர்காணல் முடிந்த மறுநாள் ஒரு மாணவி தம் தந்தையோடு வந்து, 'எங்களை ஏன் அழைக்கவில்லை?' எனக் கேட்டபோது நாம் மறுமொழியின்றி நின்றோம். குழுவினர் விடுபட்டோரை மீண்டும் அழைத்து உதவினர். எனினும், அப்பருவக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டிய அத்தந்தையின் முகம் இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நம்பகத்திற்கு ஆறு நெறிகள்

மேற்கண்டவற்றால் நாம் பெற்ற பாடங்களை ஆறாகத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, ஒவ்வோர் ஆணைக்கும் தனி எண் வேண்டும். ஒரே எண் மறுமுறை வந்தால் புதுச் சீட்டு எழுதலாகாது. இணையம் தடைப்பட்டுக் கருவி மீண்டும் முயலுங்கால் இவ்வெண்ணே இரட்டிப்பைத் தடுக்கும்.

இரண்டாவது, வாயிலிலேயே சோதிக்க வேண்டும். கைப்பேசி எண் 10 இலக்கம். அஞ்சற் குறியீடு 6 இலக்கம். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவெண் 15 குறிகள். இவை பொருந்தாத படிவத்தை உள்ளே விடலாகாது.

மூன்றாவது, பிழை நேரின் பெயர் குறித்த ஒருவர்க்கு அவர் அன்றாடம் பார்க்கும் இடத்தில் செய்தி செல்ல வேண்டும். எல்லார்க்கும் பொதுவான பெட்டி எவர்க்கும் உரியதன்று.

நான்காவது, நாள்தோறும் இருபுறக் கணக்கையும் ஒத்துப் பார்க்க வேண்டும். வந்த படிவம் 40. சென்ற அஞ்சல் 33 எனில் எஞ்சிய 7 எங்கே என வினவ வேண்டும். பழைய கணக்கப்பிள்ளைகள் மாலையில் பெட்டிப் பணத்தை எண்ணியதும் இதுவே. இவ்வொன்றைச் செய்திருந்தால் அம்மாணவி காத்திருக்க நேர்ந்திராது.

ஐந்தாவது, பணம் கொடுத்தல், விண்ணப்பம் மறுத்தல் போன்றவற்றில் இறுதி ஒப்புதல் மனிதர் கையில் இருத்தல் வேண்டும். எந்திரம் பட்டியல் இடலாம், தீர்ப்பு எழுதலாகாது.

ஆறாவது, அமைத்த முறையை எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும். எந்தத் தாளில் எந்தப் பத்தியை மாற்றலாகாது, கடவுச்சொல் யார் பொறுப்பில் உள்ளது, கருவி நின்றால் கையால் செய்வது எவ்வாறு என்பன அதில் இடம்பெற வேண்டும். அமைத்தவர் வேலை மாறிச் சென்றபின் முறையும் முடங்குவது இக்குறிப்பின்மையாலேயே. மாற்றம் செய்யுமுன் பொய்ப் பெயர்களும் தவறான எண்களும் இட்டுச் சோதித்தலும் இதனுள் அடங்கும்.

முடிவுரை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், எழுதுவோர் நீதியோடு எழுதவும், சாட்சிகளை ஏற்படுத்தவும் திருமறையின் 'அல்பகரா' அத்தியாயத்து 282-ஆம் வசனம் பணிக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுவே என்பது சிந்திக்கத்தக்கது. பிறர் பொருளும் பிறர் செய்தியும் நம்மிடம் அமானிதம் ஆகும். எழுதும் கை எந்திரத்தினது ஆயினும் பொறுப்பு எந்திரத்தைச் சாராது, அமைத்தவரையே சாரும்.

ஆகவே, அம்மாணவரின் வினாவுக்கு நாம் கூறும் விடை இது: இப்பணி கணிப்பொறித் துறையினர்க்கு மட்டும் உரியதன்று. விதியைத் தெளிவாக வகுத்தலும், புறனடையை முன்னறிதலும், ஐயமற எழுதி வைத்தலும் தமிழ் கற்றார்க்குக் கைவந்த கலைகளே. நம் மாணவச் செல்வங்கள் விடுமுறையில் தத்தம் ஊர்க் கடையிலோ தறிக்கூடத்திலோ ஒரு சிறு பணியை இவ்வாறு அமைத்துப் பார்ப்பாராக. அமைத்த பின், மாலைதோறும் இருபுறக் கணக்கையும் ஒத்துப் பார்க்க மறவாதிருப்பாராக.