மின்சாரக் கார்களும் பழைய கம்பெனிகளும்

(மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்)

முன்னுரை

மரக்காணத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டு காட்சிகள் பழகிப்போனவை. ஒருபுறம் பாத்தி பாத்தியாய் விரிந்து கிடக்கும் உப்பளம். மறுபுறம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கார்கள் ஓயாது விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலை. அந்தச் சாலையில் சில ஆண்டுகளாகப் பச்சை நிற எண்பலகை மாட்டிய கார்கள் இடையிடையே தென்படுகின்றன. புகை இல்லை, எஞ்சின் இரைச்சலும் இல்லை. அவை மின்சாரத்தால் ஓடும் கார்கள்.

என் தந்தையார் உப்பளத் தொழிலாளி. என் அண்ணன் அளத்தில் இறங்காமல் தொழிற்பயிற்சி முடித்து, ஒரகடம் பக்கத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எஞ்சின் உறுப்புகள் கடைகிறார். சென்ற மாதம் ஊருக்கு வந்தவர் சாலையோரத் தேநீர்க் கடையில் என்னிடம் கேட்டார்: “ஏண்டா தம்பி, எஞ்சினே இல்லாத காராமே? அப்ப எங்க வேலை என்னாவும்?” பொருளியல் படிக்கிற எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

மாறும் சந்தை

உப்பு விளையும் முறையை அறிந்தவர்க்குச் சந்தையின் போக்கு எளிதில் விளங்கும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ மூன்று டிகிரி. அது பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் வற்றி, இருபத்தைந்து டிகிரியை நெருங்கும்வரை உப்பு கண்ணில் படாது. அதற்குப் பின் பாத்தி முழுவதும் பூக்கத் தொடங்கிவிடும். நார்வே நாட்டில் இப்படித்தான் நடந்தது. பல ஆண்டுகள் மெல்ல ஏறிய மின்கார் விற்பனை, 2024ஆம் ஆண்டில் புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 என்ற அளவை எட்டிவிட்டது. இந்தியாவிலோ அதே ஆண்டில் அது நூற்றுக்கு மூன்றையும் எட்டவில்லை. நம் அளத்தில் நீர் இன்னும் வற்றிக்கொண்டிருக்கிறது எனலாம்.

உப்பு பூக்காத காலத்திலும் அளத்தில் வேலை உண்டு. கார்க் கம்பெனிகளுக்கும் அப்படியே. பழைய கம்பெனிகள் இந்த இடைக்காலத்தில் என்ன செய்கின்றன என்பதே நாம் காண வேண்டியது.

பழமையின் பலமும் சுமையும்

பழைய கம்பெனி ஒன்றிடம் புதியவர்க்கு இல்லாத நான்கு செல்வங்கள் உண்டு: பெரிய ஆலை, ஊர்தோறும் விற்பனை நிலையமும் பழுதுபார்க்கும் பட்டறையும், மக்கள் நம்பும் பெயர், பெட்ரோல் கார் விற்றுவரும் வருமானம். இவற்றுள் சில அதற்குச் சுமையாகவும் மாறும். எஞ்சின் வார்க்கவும் கடையவும் போட்ட கோடிக்கணக்கான மூலதனத்தை ஒரே நாளில் ஒதுக்க முடியாது. மின்கார் அதிகம் விற்றால் தன் பெட்ரோல் காரின் விற்பனையே குறையும். ஆகவே பழைய கம்பெனி ஒரு கையால் விற்பதை மறு கையால் தடுக்கும் நிலையில் நிற்கிறது.

ஒரு பழைய பாடம்

இத்தகைய சோதனை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, அதுவரை சந்தையை ஆண்ட அம்பாசிடரும் பத்மினியும் அதிர்ந்தன. நம் தமிழகத்தில், பெருங்களத்தூரில் கார் செய்துவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரைக் கொணர்ந்தது. இங்கிலாந்தின் ரோவர் காருடைய அழகிய உடலமைப்பு அதற்கு இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது பல்லாண்டுப் பழமையான எஞ்சின். மக்கள் அதை விரும்பவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது. அம்பாசிடர் 2014வரை உயிர் தாங்கியது. ஆயினும் அதன் இடம் எப்போதோ பறிபோயிருந்தது.

புது உடலில் பழைய எஞ்சினை வைத்தவர் தோற்றார் என்பது அன்றைய பாடம். இன்று வெல்ல முயல்வோர் இதைத் தலைகீழாக்கிப் பழைய உடலில் புதிய இயக்கத்தை வைத்திருக்கிறார்கள். மாற்றம் எங்கே நிகழ வேண்டுமோ அங்கே நிகழ்ந்தால் பழமை ஒரு குறையன்று.

நால்வர் நான்கு வழி

முதலாவது டாட்டா. 2020 ஜனவரியில் வந்த நெக்ஸான் மின்கார் முற்றிலும் புதிய கார் அன்று. மக்கள் ஏற்கெனவே வாங்கிவந்த நெக்ஸானில் எஞ்சினை நீக்கி மோட்டாரும் பாட்டரியும் வைத்ததே அது. இதனால் செலவு குறைந்தது. மின்னேற்றும் நிலையங்களை டாட்டா பவரும், பாட்டரிப் பொதியை டாட்டா ஆட்டோகாம்பும் தந்தன. ஒரு குடும்பத்து அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே வயலில் இறங்கியதைப் போன்றது இது. 2021இல் மின்கார்ப் பிரிவைத் தனிக் கம்பெனியாக்கி, டி.பி.ஜி. என்ற முதலீட்டு நிறுவனம் முன்னின்று தந்த 7,500 கோடி ரூபாயை அதில் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். 2023 வாக்கில் நாட்டில் விற்ற மின்கார்களில் பத்துக்கு ஏழு டாட்டாவுடையவை. ஆயினும் முந்தியவர் என்றும் முந்தியவர் அல்லர். 2024 செப்டம்பரில் எம்.ஜி. கம்பெனி வின்ட்சர் என்ற காரைக் கொணர்ந்து, ‘காரின் விலையைத் தாருங்கள், பாட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை தாருங்கள்’ என்று புதுவழி காட்டியது. 2025இல் டாட்டாவின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது.

இரண்டாவது, நம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய். 1998இல் சான்ட்ரோ காருடன் தொடங்கிய இந்நிறுவனம், 2019இலேயே கோனா என்ற மின்காரை விற்றது. 25 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட அதன் விலை நம் மக்களுக்கு எட்டவில்லை. 2024இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதில் கற்ற பாடம் 2025 ஜனவரியில் பயன்பட்டது. 2015 முதல் புகழ் பெற்றிருந்த கிரெட்டா காரின் பெயரிலேயே மின்காரை, தொடக்க விலை 18 லட்சத்தை ஒட்டி இருக்குமாறு, அதே வட்டாரத்து ஆலையில் செய்தார்கள். 2023 மே மாதம் தமிழக அரசுடன் செய்த உடன்படிக்கையில், பத்தாண்டுகளில் 20,000 கோடி ரூபாய் முதலீடும், ஆண்டுக்கு 1,78,000 பாட்டரிப் பொதிகளைக் கோக்கும் கூடமும் இடம்பெற்றன.

மூன்றாவது மகிந்திரா. பெங்களூரில் பிறந்த ரேவா என்ற சிறு மின்கார்க் கம்பெனியை 2010இல் வாங்கியது. அதன்பின் வந்த சிறு கார்கள் பெரிதாக விற்கவில்லை. பதினான்கு ஆண்டுப் பொறுமைக்குப் பின், 2024 நவம்பரில் மின்காருக்கென்றே அடியிலிருந்து வடிவமைத்த இரண்டு கார்களைச் சென்னையில் அறிமுகம் செய்தது. அவற்றின் ஆய்வுப் பணியில் செங்கல்பட்டை அடுத்த மகிந்திராவின் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரும் பங்குண்டு.

நான்காவது மாருதி. சந்தையின் முதல்வனான அது அவசரப்படவில்லை. எரிவாயுக் கார், பெட்ரோலும் மின்சாரமும் கலந்த கலப்பினக் கார் என்று இடைவழிகளில் நடந்து, 2025 ஆகஸ்டில்தான் குஜராத்தின் ஹன்சல்பூரில் தன் முதல் மின்காரின் உற்பத்தியைத் தொடங்கியது. அதையும் முதலில் ஏற்றுமதிக்கே அனுப்பியது. காத்திருப்பவனுக்கும் சில வேளை காற்று துணை செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்காரின் வரி முன்போலவே 5 விழுக்காடு. இரண்டுக்கும் இடையிலிருந்த வரி வேற்றுமை சுருங்கியதால் மின்காரின் விலைச் சலுகையும் சிறிது சுருங்கியது.

விலகிச் செல்வதும் ஒரு வழியே. மறைமலைநகரில் கார் செய்துவந்த போர்டு, தொடர்ந்து வந்த நட்டத்தைக் காட்டி 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. 2022இல் அந்த ஆலை ஓய்ந்தது. பின் 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அதே இடத்தில் எஞ்சின் செய்யத் திரும்பி வருவதாக ஒப்பந்தமிட்டது. மின்கார்க் காலத்திலும் எஞ்சினுக்கு இன்னும் வாழ்நாள் உண்டு என்று ஒரு பழைய கம்பெனி கணக்கிட்டிருப்பது இதனால் விளங்கும்.

ஓசூர் சொல்லும் சேதி

பழையவர் புதியவரை வெல்ல முடியுமா என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. ஆனால் அது இருசக்கர வண்டிச் சந்தையில். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை அமைத்த ஓலா, 2024 ஏப்ரலில் நாட்டின் மின்ஸ்கூட்டர் விற்பனையில் ஏறத்தாழ பாதியைப் பிடித்தது. ஆனால் பழுதுபார்ப்பு பற்றிய புகார்கள் பெருகின. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனமோ 2020இல் தொடங்கி, ஒரே ஸ்கூட்டரை மெல்ல மெல்லத் திருத்தி, ஊர்தோறும் உள்ள தன் பட்டறைகளின் துணையோடு விற்றது. 2025இல் டி.வி.எஸ்.ஸும் பஜாஜும் ஓலாவை முந்திவிட்டன. வண்டி ஓடும்வரை யாருடைய பெயரும் ஒன்றுதான். அது நின்றுபோன நாளில், பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருப்பவரே கம்பெனி.

பாட்டரி என்னும் திறவுகோல்

எனினும் போட்டியின் உயிர்நிலை பாட்டரியில் இருக்கிறது. மின்காரின் விலையில் அதிகப் பங்கு கொள்வது அதுவே. 2024இல் உலகின் மின்வாகனப் பாட்டரிகளில் பாதிக்கு மேல் சி.ஏ.டி.எல்., பி.ஒய்.டி. என்ற இரண்டே சீனக் கம்பெனிகளிடமிருந்து வந்தன. அவற்றுள் பி.ஒய்.டி. தானே கார் செய்து விற்கிறது. மகிந்திராவின் புதிய கார்களுக்குச் செல் தருவதும் அதுவே. எதிராளியிடம் உப்பு வாங்கிச் சமைப்பவனின் நிலை இது. இதிலிருந்து விடுபட டாட்டா குழுமம் குஜராத்தின் சானந்தில் அக்ரதாஸ் என்ற செல் ஆலையை அமைக்கத் தொடங்கியது. ஹூண்டாய் 2024 ஏப்ரலில் எக்ஸைடு எனர்ஜியுடன் உடன்பாடு கண்டது. செல்லைச் சொந்தமாகச் செய்யாத பழைய கம்பெனி, காலப்போக்கில் பிறர் செய்த இதயத்துக்கு உடல் மட்டும் தைக்கும் தையற்காரனாகிவிடும் என்பது என் கருத்து.

இங்கேதான் உப்பளத்துக்காரனாகிய எனக்கு ஒரு மகிழ்ச்சி. லித்தியத்துக்கு மாற்றாகச் சோடியத்தைக் கொண்ட பாட்டரிகள் வரத் தொடங்கியுள்ளன. உப்பில் இருக்கும் அதே சோடியந்தான். 2021இல் சி.ஏ.டி.எல். இதை வெளிப்படுத்தியது. அதே ஆண்டின் இறுதியில் ரிலையன்ஸ், இத்துறையில் முன்னோடியான இங்கிலாந்தின் பாராடியன் கம்பெனியை வாங்குவதாக அறிவித்தது. ஒரே எடையில் லித்தியம் அளவுக்கு மின்சாரத்தை இது தாங்காது என்பது குறை. மூலப்பொருள் எங்கும் கிடைக்கும் என்பது நிறை. இதனால் நாளையே மரக்காணத்து உப்புக்கு விலை ஏறிவிடாது. பாட்டரிக்கு வேண்டியது உப்பைச் சோடாச் சாம்பலாக மாற்றிப் பெறும் தூய பொருள். அதற்குத் தேவை வேதித் தொழிற்சாலைகளே. தூத்துக்குடியில் அத்தகைய தொழிலும் உண்டு. 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்பாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டதும் அந்த உப்பளக் கரையிலேதான். உப்பு விளையும் கரைக்கு மின்கார் வந்துவிட்டது. உப்புத் தொழிலாளியின் பிள்ளை அதற்குள் நுழைவானா என்பதே இனி வினா.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். பழமை காரணமாக எந்தக் கம்பெனியும் தோற்பதில்லை. மாற வேண்டிய உறுப்பை மாற்றாமல் மேற்பூச்சை மாற்றியதே தோல்விக்குக் காரணமாயிற்று. ஆலையையும் பட்டறையையும் பெயரையும் வைத்துக்கொண்டு, பாட்டரியைக் கைவசப்படுத்துவோரே நிலைப்பர்.

ஆனால் கம்பெனிக்குக் கிடைக்கும் அவகாசம் தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை. டாட்டா தோற்றுத் திருத்தலாம். ஹூண்டாய் ஒரு காரை நிறுத்தி வேறொன்று தொடங்கலாம். மகிந்திரா பதினான்கு ஆண்டு காத்திருக்கலாம். பிஸ்டனும் வால்வும் கடைகிறவனின் வீட்டில் அடுப்பு பதினான்கு ஆண்டு காத்திருக்காது. மின்காரில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, சைலன்சர் இல்லை. அதே வேளையில் பிரேக், இருக்கை, சக்கரம் ஆகியன இருக்கும்; மோட்டாரும் மின்சுற்றும் கூடும். எனவே வேலை அழிந்துபோகும் என்பதைவிட, வேறு கைத்திறனைக் கேட்கும் என்பதே சரி. தமிழக அரசு, டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுப்பித்து, மின்வாகனப் பயிற்சியையும் அவற்றில் சேர்த்தது நல்ல தொடக்கம். அது புதிதாகச் சேரும் மாணவரோடு நின்றுவிடாமல், பத்தாண்டு எஞ்சின் கடைந்த என் அண்ணனைப் போன்றோருக்கும் மாலை வகுப்பாக எட்ட வேண்டும். லாபம் ஈட்டிய கம்பெனிகளும் அச்செலவில் பங்கேற்க வேண்டும்.

அண்ணனுக்கு நான் எழுதிய விடை இதுதான்: “எஞ்சின் வேலை நாளைக்கே நிக்காது. ஏற்றுமதிக்கு இன்னும் பல வருஷம் எஞ்சின் செய்வாங்க. ஆனா அதை நம்பி உட்காராதே. கடைசலோட மின்சுற்றும் படிச்சு வெச்சுக்கோ.” மழை வருமுன் வாரிய உப்பே நம்முடையது என்பதை அளத்தில் வளர்ந்த அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.