ஃபாலோவர் மாற்றப் போகும் தம்பிக்கு

அமெரிக்காவில் புதிதாக வாத்து வேட்டைக்குப் பழகும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் ரெமிங்டன் 870தான். 1950-இல் வந்த பம்ப் ஷாட்கன். ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதில் ஃபாலோவரை வீட்டிலேயே மாற்றலாம். மேகசின் குழாயில் ஸ்பிரிங்குக்கும் தோட்டாவுக்கும் நடுவில் நிற்கிற, கிண்ணம் போன்ற சின்னத் துண்டு அது.

1. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வா. மேசையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

2. சேஃப்டியைப் போட்டு, குழலை யாரும் இல்லாத பக்கம் திருப்பி, போல்ட்டை முழுதாகத் திற. சேம்பரைக் கண்ணால் பார். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவு. அடுத்து, தோட்டா போடும் கீழ்வாசல் வழியாக மேகசினைத் தொடு. பித்தளை விளிம்பு தட்டுப்பட்டால் தோட்டா இருக்கிறது; ஃபாலோவர் தட்டுப்பட்டால் காலி. ‘நேற்றே காலி செய்தேன்’ என்ற நினைப்பை நம்பாதே. நாற்பது வருடமாக ஒவ்வொரு முறையும் தொட்டுத்தான் பார்க்கிறேன். பளிச்சென்ற நிறத்தில் ஃபாலோவர் வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான்: விரல் சொல்வதைக் கண்ணும் உறுதிப்படுத்தும்.

3. போல்ட்டைப் பாதி மூடிய நிலையில் வைத்து, மேகசின் மூடியைத் திருகிக் கழற்று. குழல் முன்பக்கமாக உருவி வரும்.

4. இனிதான் கவனம். குழாயின் வாயில் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கும் அடைப்பு இருக்கும். 870-இன் பழைய விங்மாஸ்டர் ரகத்தில் இரும்பு, பிற்கால எக்ஸ்பிரஸ் ரகத்தில் பிளாஸ்டிக். அதை நெம்பும்போது ஸ்பிரிங் சீறிக்கொண்டு வரும். கண்ணாடி போட்டுக்கொள். குழாயின் வாயைத் துணியால் மூடி, கட்டைவிரலால் அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக விடு. அவசரப்பட்ட ஒரு நாள் அடைப்பு என் புருவத்தில் வந்து அடித்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

5. பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார். குட்டையாகிப் போயிருந்தால் அதையும் மாற்று, விலை அதிகமில்லை.

6. குழாயைப் பிரஷ்ஷால் தேய்த்துத் துடை. எண்ணெய் லேசாகப் பூசி, மறுபடி துடைத்துவிடு. மிச்ச எண்ணெய் தூசியைப் பிடிக்கும்.

7. ஃபாலோவரின் மூடிய முகம் பின்னால் போக வேண்டும், குழிவுக்குள் ஸ்பிரிங் உட்கார வேண்டும். ஸ்பிரிங்கைப் போடுமுன் ஃபாலோவரை மட்டும் விட்டு, தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார். சிக்கினால் அரத்தால் ராவாதே, கடையில் திருப்பிக் கொடு.

8. இந்தியாவில் இருக்கும் தாத்தாவின் துப்பாக்கியில் இதை முயலாதே. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்க உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடம் கொடு.

9. பழைய ஸ்பிரிங்குக்குள்ளிருந்து ஒரு மரக்கட்டை விழுந்திருக்கும். குப்பை என்று எறிந்துவிடாதே. வாத்து, புறா போன்ற வலசைப் பறவைகளைச் சுட வருபவரின் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாதான் கொள்ள வேண்டும் என்பது 1935-இலிருந்து அமெரிக்க மத்திய அரசின் விதி. கட்டையைத் திரும்பப் போட்டு மூடு. பிறகு போலித் தோட்டாக்களை மேகசினில் ஏற்றிப் பார். இரண்டுதான் போக வேண்டும். மூன்றாவதும் உள்ளே போனால் கட்டையை மறந்திருக்கிறாய், திரும்பக் கழற்று.