விதைநெல் தெரிவும் உப்புக் கரைசற் கணக்கும்

விளைவின் சிறப்பு விதையின் தரத்திலேயே தங்கியுள்ளது. பதரும் அரைமணியும் கலந்த விதை நலிந்த நாற்றையே தரும். ஆதலால் விதைநெல்லை உப்புக் கரைசலில் இட்டு, மிதப்பனவற்றை நீக்கி, அமிழ்வனவற்றை மாத்திரம் விதைத்தல் வேண்டும்.

1. கரைசலின் செறிவு

10 லீற்றர் நீரில் 1½ கிலோகிராம் உப்பைக் கரைத்தல் போதுமானது. அந்நீரின் நிறை ஏறத்தாழ 10 கிலோகிராம். கரைசலின் மொத்த நிறை 11½ கிலோகிராம். ஆகவே உப்பு நூற்றுக்கு 13 பங்காகும். 15 பங்கு எனக் கொள்வது பிழை. செறிவு குறைந்தால் அரைமணியும் அமிழ்ந்து நல்விதையுடன் சேரும். மிகுந்தால் நல்விதையும் மிதந்து வீணாகும்.

2. ஓர் உதாரணம்

கமக்காரர் ஒருவரின் வீட்டில் இருவர் தனித்தனியே கரைசல் தயாரித்தனர். ஒருவருடையது நூற்றுக்கு 20 பங்கு. மற்றவருடையது 2 பங்கு. இரண்டையும் சம அளவிற் கலந்தால் 11 பங்கே கிடைக்கும், அது போதாது. 13 பங்குள்ள கரைசல் 18 கிலோகிராம் பெறுவது எவ்வாறு?

செறிந்த கரைசல் க கிலோகிராம் எனக் கொள்க. மற்றையது (18 – க) கிலோகிராம். கலக்குமுன் இரண்டிலும் உள்ள உப்பின் கூட்டுத்தொகை, கலந்தபின் உள்ள உப்புக்குச் சமன். இருபுறத்தையும் நூறாற் பெருக்க,

20க + 2(18 – க) = 13 × 18
18க + 36 = 234
18க = 198
க = 11

செறிந்த கரைசல் 11 கிலோகிராமும் மற்றையது 7 கிலோகிராமும் தேவை.

சரிபார்த்தல்: 2.20 + 0.14 = 2.34 கிலோகிராம் உப்பு. 18 கிலோகிராமில் நூற்றுக்கு 13 பங்கும் 2.34 கிலோகிராமே.

3. கவனிக்க வேண்டியவை

(அ) கரைசல்களைப் படியால் அளவாது தராசில் நிறுத்தே கலத்தல் வேண்டும்.
(ஆ) புதிய கோழிமுட்டையை இட்டுப் பார்க்குக. அது மிதந்து சிறிதளவு மேலே தெரிந்தால் கரைசல் ஏற்றது.
(இ) அமிழ்ந்த விதையை உடனே நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவுக. உப்புத் தங்கினால் முளைதிறன் கெடும்.
(ஈ) கழித்த உப்புநீரை வயலிலோ நாற்றுமேடையிலோ ஊற்றலாகாது.

பயிற்சி: 20 பங்குள்ள கரைசலுடன் நன்னீர் சேர்த்து, 13 பங்குள்ள கரைசல் 20 கிலோகிராம் பெறுக. (விடை: கரைசல் 13, நீர் 7 கிலோகிராம்.)

கரைசலைக் கணக்கிடச் செலவாகும் சிறிது நேரம், ஒரு போகத்தின் உழைப்பைக் காக்கும்.