விறைப்பூசியும் பயமும்

அன்புள்ள டீச்சர்,

பல் வைக்கத் தாடை எலும்பில் துளை போட்டு டைட்டானியம் திருகை இறக்குவார்கள் என்று கேட்டதிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "முழுசா மயக்கிட்டுச் செய்யச் சொல்லலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வலியை எடுப்பது விறைப்பூசி. பயத்தை எடுப்பது வேறு மருந்து. இரண்டையும் நாம் 'மயக்கம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பயத்துக்கு எதைக் கொடுத்தாலும் விறைப்பூசி உண்டு. ஒரு பல் வைப்பதற்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

போதாதென்றால் மாத்திரை இருக்கிறது. ஆனால் விழுங்கியபின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மூக்கில் வைக்கும் நைட்ரஸ் ஒக்சைட் இருக்கிறது. 1844 டிசம்பரில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில், அந்த வாயுவைச் சுவாசித்த ஒருவர் காலில் அடிபட்டும் உணராததை ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் பார்த்தார். மறுநாளே அதைச் சுவாசித்துத் தன் பல்லையே பிடுங்கவைத்தார்! வாயுவை நிறுத்தி ஒக்சிசன் கொடுத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். மேல் முன்பல் என்றால் மட்டும் மூக்குமூடி இடைஞ்சல்.

மூன்றாவது, நாளத்தில் சிறிது சிறிதாக ஏற்றும் மிடசோலம். தூங்கிவிட மாட்டீர்கள். "வாயைத் திறங்க" என்றால் திறப்பீர்கள். பிறகு கேட்டால் அநேகமாக நினைவிருக்காது. உங்கள் பயத்துக்கு இதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. ஆனால் மூச்சு மந்தமாகலாம். அதனால் விரலில் ஒக்சிசன் அளவுகாட்டியும், உங்களைக் கவனிக்கவென்றே பயிற்சி பெற்ற ஒருவரும் இல்லாத இடத்தில் சம்மதிக்காதீர்கள்.

வெற்றிலை போடுவதை மறைக்க நினைக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. வருடக்கணக்கில் பாக்கு மென்ற சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் சரியாகத் திறக்காது. மூச்சுக்கு உதவி தேவைப்படும் நேரத்தில் அது பெரிய சிக்கல். இரவில் குறட்டை விடுவதையும், பிரஷர், சீனி மருந்துகளையும் சொல்லிவிடுங்கள். டீச்சர் வெற்றிலை போடுவாரா என்று யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. காலையில் சாப்பிடலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போய்க் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நல்லது. ஆனால் நாளத்தில் மருந்து ஏற்றிய பிறகு, கம்பளை தாண்டி அத்தனை வளைவும் ஏறும் பஸ்ஸில் தனியாகத் திரும்ப நினைக்காதீர்கள். அன்றிரவு வீட்டிலும் துணை வேண்டும். மகன் கொழும்பிலிருந்து எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு, அதற்கேற்றபடி திகதி வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்திரிகை நண்பன்