கூடுதல் சிபாரிசுக் கடிதம் தேவையா?



ஏ.எல். பெறுபேறு வந்த மறுநாளே என் அறை வாசலில் ஆட்கள் நிற்பாங்க. "ஐயா, பிள்ளைய மேல படிக்க அனுப்பணும், ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தாங்க." கையில் ஏற்கனவே துரை கொடுத்தது ஒன்று, சங்கத் தலைவர் கொடுத்தது ஒன்று, கோயில் கமிட்டி கொடுத்தது ஒன்று இருக்கும். கடிதம் கூடினால் இடம் நிச்சயம் என்ற எண்ணம் நம் மத்தியில் இருக்கிறது. இந்த முறை பாடம் அதைப் பற்றித்தான்.

அரச பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். அதோடு மாவட்டக் கோட்டாவும் உண்டு. நுவரெலியா, பதுளை இரண்டும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் அதற்கென்றும் ஒரு பங்கு கிடைக்கிறது. இந்தக் கணக்கில் சிபாரிசுக்கு இடமே கிடையாது. மந்திரி எழுதினாலும் இசட் புள்ளி கூடாது.

மஹாபொல போன்ற உதவிப் பணத்துக்கு வருமான அத்தாட்சி கேட்பார்கள். அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். அத்தாட்சி வேறு, சிபாரிசு வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி அலைச்சல்.

சில வருடங்களுக்கு முன் நம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரின் மகள் வெளி மாகாணத்தில் ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். அம்மா ஐந்து நாள் பேர் இல்லாமல் அலைந்து ஐந்து கடிதம் வாங்கியிருந்தாங்க. அதில் ஒன்று நான் எழுதியது. அங்கே கடிதங்களை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார்கள். அதில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பெறுபேற்றுச் சீட்டில் இன்னொன்று. லெட்சுமி, லட்சுமி, லக்ஷ்மி என்கிற மாதிரி. மூன்றும் ஒரே ஆள் என்று காட்ட ஒரு சத்தியக் கடதாசிகூட கையில் இல்லை. அந்த வருடம் பிள்ளை வீட்டோடு இருந்துவிட்டது. அந்த ஐந்து நாளில் ஒரு நாள் பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கலாம். சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக் கடதாசியாவது முடித்திருக்கலாம். நானும் மளமளவென்று கடிதம் எழுதினேனே தவிர, பத்திரங்களைக் காட்டுங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடிதம் கேட்கிற இடமும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்பித்த ஆசிரியர் எழுதிய கடிதம் வேண்டும். இரண்டு கேட்டால் இரண்டு போதும். மூன்றாவதும் அனுப்பலாம் என்று சொல்லியிருந்தால், அந்த ஆசிரியர்களுக்குத் தெரியாத ஒன்றை அறிந்தவர் எழுதட்டும். உங்கள் மகள் லயத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அதைப் பிள்ளைக் காம்பராவில் இருந்து தினம் பார்த்த அம்மா சொல்லி எழுதுகிற கடிதம், பிள்ளையின் முகமே தெரியாத துரையின் கடிதத்தைவிட மேல். "நல்ல குடும்பம், நல்ல பிள்ளை" என்று எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருந்தால் படிக்கிறவருக்கு அலுத்துப்போகும்.

இந்த வருடம் ஏ.எல். எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டார் பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, ஓ.எல். பெறுபேறு மூன்றையும் எடுத்துக்கொண்டு, கொழுந்து நிறுத்து முடிந்ததும் என் அறைக்கு வாங்க. எழுத்துக்கு எழுத்து சேர்ந்து பார்ப்போம். சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்களிடமும் இனி முதலில் இந்த மூன்றையும்தான் கேட்பேன்.